நாலு மணிப் பசி



போன இதழின் கடைசிப் பக்கத்தில் நாலு வரித் துணுக்கு ஒன்று போட்டிருந்தோம். பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது என்பதுதான் சங்கதி. அட்டைப்படக் கட்டுரைக்கு வராத கடிதங்கள் அந்த நாலு வரிக்கு வந்துவிட்டன. தாடிக்கொம்பு வாசகி ஒருவர், "பள்ளிக்கூடத்துக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு சந்துதான். நான் என் பிள்ளைக்கு பஜ்ஜி போட்டா கேஸ் போட்ருவாங்களா?" என்று கேட்டிருக்கிறார். பயப்படாதீர்கள் அம்மா, அந்த விதி வீட்டு அடுப்புக்கு வராது, விற்பனைக்கு மட்டும்தான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அஞ்சலட்டையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "51-ஆவது மீட்டரில் கடை போட்டால்?"

நல்ல கேள்வி. அதன் பின்னால் போனதில்தான் இந்த மாதம் இந்தப் பக்கம் நீண்டுவிட்டது.

முதலில் அந்த 50 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2010-இல் உதய் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. பள்ளிகளிலும் பள்ளிகளைச் சுற்றி 500 கஜ தூரத்துக்குள்ளும் நொறுக்குத்தீனி, கோலா வகையறாக்களைத் தடை செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. வழக்கு ஐந்து வருடம் நடந்தது. 2015 மார்ச்சில் தலைமை நீதிபதி ஜி. ரோகிணி, நீதிபதி ஆர்.எஸ். எண்ட்லா அமர்வு, இதற்கான வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வடிவம் கொடுங்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அந்தச் சட்ட வடிவம் அரசிதழில் வர 2020 செப்டம்பர் ஆனது. அமலுக்கு வந்தது 2021 ஜூலை 1. அன்றைக்குக் கொரோனாவால் நம் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. வாசலில் கடையும் இல்லை, வாங்கப் பிள்ளைகளும் இல்லை. விதி வந்த சத்தம் யார் காதிலும் விழாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேட்டது 500 கஜம், அதாவது ஏறக்குறைய 457 மீட்டர். கிடைத்தது 50. பீடி சிகரெட்டுக்குப் பள்ளியிலிருந்து 100 கஜம் தள்ளி நிற்கச் சொல்லி 2003-லேயே சட்டம் இருக்கிறது, அது 91 மீட்டர். பீடியைவிட சிப்ஸ் பாக்கெட் பள்ளிக்கு நெருக்கமாக வந்து நிற்கலாம். தலைமையாசிரியர் ஐயாவின் கேள்விக்குப் பதில் அதுதான். 51-ஆவது மீட்டரில் கடை போட்டால் ஒன்றும் ஆகாது.

ஆனால் அந்த விதியில் நல்ல அம்சங்களும் உண்டு. நம்மில் பலருக்கு அவை தெரியாது. பள்ளி கேன்டீன், விடுதிச் சமையலறை இரண்டுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும். பள்ளி நிர்வாகமே உணவு விற்றாலும் பரிமாறினாலும் அதற்குப் பதிவோ உரிமமோ வாங்க வேண்டும். இந்த வகைத் தின்பண்டக் கம்பெனிகள் பள்ளிக்குள் விளம்பரம் செய்யக் கூடாது, இலவச சாம்பிள் கொடுக்கக் கூடாது, நோட்டு அட்டையிலும் பள்ளிச் சுவரிலும் தங்கள் சின்னத்தைப் போடக் கூடாது. விளையாட்டு விழாவுக்கு "ஸ்பான்சர்" என்று வந்து வாசலில் குளிர்பானப் பந்தல் போடுவதெல்லாம் இதில் அடிபடும். ஆண்டு விழா ஏற்பாடு செய்யும் ஆசிரியர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

குறை எங்கே என்றால், எண்ணில். உப்பு மிகுந்தது, சர்க்கரை மிகுந்தது என்று விதி சொல்கிறது. எத்தனை கிராமுக்கு மேல் போனால் "மிகுந்தது" என்று கோடு போடவில்லை. கோடு இல்லாவிட்டால் ஆய்வுக்கு வரும் அதிகாரி கடைக்காரரிடம் எதைக் காட்டிப் பேசுவார்? ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் எண்கள் இருக்கின்றன. அது ஆலோசனை, சட்டமில்லை. பாக்கெட்டின் முன்பக்கத்தில் எச்சரிக்கை முத்திரை போடும் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மூன்று மாதத்துக்குள் முடிவுக்கு வாருங்கள் என்று 2025 ஏப்ரலில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு சொன்னது.

எண் போட்ட நாடுகள் என்ன செய்தன? அமெரிக்காவில் 2014-இலிருந்து பள்ளியில் விற்கும் தின்பண்டத்துக்குக் கணக்கு உண்டு. ஒரு பொட்டலம் 200 கலோரியைத் தாண்டக் கூடாது, அதன் எடையில் சர்க்கரை 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சோடியத்துக்கும் வரம்பு இருக்கிறது, 200 மில்லிகிராம். கம்பெனிகள் சும்மா இருக்குமா? அதே பெயர், அதே படம், அதே நிறத்தில், உள்ளே சரக்கை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பள்ளிக்கென்று தனி பாக்கெட் போட்டன. பிள்ளை பள்ளியில் அந்தப் பெயரைப் பழகிக்கொண்டு, வெளியே கடையில் பழைய சரக்கை வாங்கும். எண் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். சிலி நாடு இன்னும் ஒரு படி மேலே போனது. 2016-இல் பாக்கெட்டின் முகத்தில் எட்டுமூலைக் கறுப்பு முத்திரை, முத்திரை விழுந்த சரக்குக்குப் பள்ளிக்குள் இடமில்லை, பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரமும் கூடாது என்று மூன்றையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். வீடுகளில் சர்க்கரைப் பானம் வாங்குவது ஏறக்குறைய கால்வாசி குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மெக்சிகோ 2025 மார்ச்சில் பள்ளிகளுக்குள் இவற்றை அடியோடு நிறுத்தியது.

நம் ஊரில் இப்போதைக்குச் சர்க்கரைப் பலகை வந்திருக்கிறது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பள்ளியில் பலகை வையுங்கள் என்று 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்குச் சொன்னது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளும் தாராளமாகச் செய்யலாம், அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். கோலா வகைகளில் 100 மில்லிக்குப் பத்து, பதினோரு கிராம் சர்க்கரை. 250 மில்லி பாட்டில் ஒன்றைக் குடித்தால் 26 கிராம் உள்ளே போகிறது. ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் ஆறரைக் கரண்டி. டீயில் மூன்று கரண்டி போட்டால் "சர்க்கரை வியாதி வந்துரும்டா" என்று அதட்டும் வீடுகளில் இந்த ஆறரைக் கரண்டிக்குத் தடை கிடையாது. பொதுவாக நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது அந்த ஹைதராபாத் வழிகாட்டி. ஒரே பாட்டிலில் அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது.

2016–18-இல் மத்திய அரசு எடுத்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், பள்ளி வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோயின் முந்தைய நிலை தெரிந்தது. அதே கணக்கெடுப்பில் ரத்தசோகையும் எடைக்குறைவும் நிறையவே இருந்தன. வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறவில்லை. இரண்டு கஷ்டமும் ஒரே வகுப்பறையில், சில நேரம் ஒரே பிள்ளையிடம்.

இந்தப் புள்ளிவிவரங்களை எல்லாம் படித்துவிட்டு, நம் அகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் வாசலில் சாயங்காலம் மணி அடிக்கும் நேரத்துக்குப் போய் நின்றேன். எந்தப் பள்ளி, எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் எந்த வாசலில் நின்றாலும் இதே காட்சிதான். கடையின் முகப்பில் மேலிருந்து கீழே சரம் சரமாகத் தொங்கும் அஞ்சு ரூபாய் பாக்கெட்டுகள். ஒரு டப்பாவில் தேன்மிட்டாய், ஒரு டப்பாவில் கமர்கட். பத்து ரூபாய் மாம்பழ ஜூஸ் ஐஸ் பெட்டிக்குள். ஒரு பையன் சரத்திலிருந்து ஒன்றைப் பிய்த்தான், பல்லால் கிழித்தான், மசாலாத் தூளை விரலில் தொட்டு நக்கிக்கொண்டே சைக்கிளில் ஏறிவிட்டான். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கடைக்கார அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். கொய்யா, வெள்ளரி எல்லாம் வைப்பதில்லையா என்று கேட்டேன்.

"வச்சிருந்தேன் தம்பி. கொய்யா காலையில வாங்கியாந்தா சாயங்காலத்துக்குள்ள தீரணும். மிஞ்சுனது மறுநா கனிஞ்சு போயிரும், யாரு வாங்குவா? மழை பெஞ்சு லீவு விட்டுட்டா மொத்தமும் போச்சு. இது பாரு, ஆறு மாசம் தொங்கும். போகலைன்னா லைன் வண்டிக்காரரே எடுத்துக்கிட்டு வேற குடுத்துருவாரு. காசு அடுத்த வாரம் குடுத்தாப் போதும்."

ஊட்டச்சத்து நிபுணர்கள் கூட்டம் போட்டுப் பேசுவதைவிட அந்த அக்கா சொன்னதில் எனக்கு விஷயம் அதிகம் கிடைத்தது. நாமெல்லாம் பிள்ளையின் நாக்கைக் குறை சொல்கிறோம். கடைக்காரருக்குச் சமூகப் பொறுப்பு இல்லை என்கிறோம். கெட்டுப்போகும் பொருளின் நஷ்டத்தை யார் சுமப்பது என்பதுதான் அந்தச் சரத்தைத் தொங்கவிடுகிறது. பாக்கெட்டின் நஷ்டத்தை, கடை கடையாகச் சரக்குப் போடும் லைன் வண்டி வழியாகக் கம்பெனி சுமக்கிறது. கொய்யாவின் நஷ்டம் முழுக்க அந்த அக்காவின் முந்தானையில் முடிந்திருக்கும் நூறு இருநூறு ரூபாய்க்குள் வர வேண்டும். கடனுக்குச் சரக்கு, வாசலுக்கே வண்டி, போகாததற்கு மாற்று என்று மூன்று வசதியும் பாக்கெட்டுக்கு உண்டு. பழத்துக்கு ஒன்றுகூட இல்லை. வரி விஷயத்திலும் இப்படித்தான் ஆகியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி.யை மாற்றியபோது கோலாவின் மொத்த வரியை 40 சதவீதத்திலேயே வைத்தார்கள், சரி. பிஸ்கட், சாக்லெட், மிக்சர் வகையறாக்களை 5-க்கு இறக்கிவிட்டார்கள். பாக்கெட்டுக்குக் கிடைத்த இன்னொரு சலுகை.

நினைத்துப் பாருங்கள், இது எந்த மாவட்டம்? புவிசார் குறியீடு வாங்கிய சிறுமலை வாழைப்பழம் திண்டுக்கல் சிறுமலை செட்டில் தாராகத் தாராக ஏலம் போகிறது. ஆயக்குடிக் கொய்யா லாரி ஏறி வெளியூர் போகிறது. நத்தத்தில் மாம்பழம். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்கே காய்கறி போகிறது. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமை ஒட்டி வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சைப் போல மூன்று நாலு மடங்கு. இத்தனையும் விளையும் மண்ணில் படிக்கிற பிள்ளை, மாம்பழத்தின் படம் போட்ட அட்டைப் பெட்டியில் குழல் குத்திச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கிறது.

இதைச் சொன்னதும், அந்தக் காலத்தில் இலந்தைப்பழமும் நெல்லிக்காயும் தின்றோமே என்று சிலர் ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காலத்து வாசலில் ஈ மொய்த்த ஜவ்வு மிட்டாயும் இருந்தது. உள்ளூர்ப் பண்டம் என்பதற்காக எல்லாவற்றுக்கும் பாஸ் மார்க் போட முடியாது. பஞ்சு மிட்டாயில் துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருப்பது தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வடைச் சட்டியில் காலையில் ஊற்றிய எண்ணெய் சாயங்காலம் கறுப்பாகிக் கிடந்தால் அந்த வடை பாக்கெட்டுக்கு எந்த விதத்தில் தேவலை? கடலை மிட்டாயை நான் ஆதரிப்பேன், கடலையில் கால்பங்கு புரதம் இருக்கிறது. ஆனால் அதன் வெல்லமும் சர்க்கரைதான், உடம்பு அதற்குத் தனிக் கணக்கு வைப்பதில்லை. அளவுகோல் ஒன்று போட்டால் எல்லாவற்றையும் அதில் நிறுத்திப் பார்க்க வேண்டும், முறுக்கையும் சேர்த்து.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளிப் பிள்ளையின் பசியைப் பொதுக் காரியமாக எடுத்துக்கொண்டதில் தமிழ்நாட்டுக்கு நூறு வருஷத்துக்கு மேல் அனுபவம். 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் சோறு போட்டது. 1956-இல் காமராஜர் அதை மாநிலம் முழுக்க எடுத்துப் போனார். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது, ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாத வகைகள் வந்தன. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கி வைத்தார், இன்று தொடக்கப் பள்ளிகளில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று காலையில் ஆவி பறக்கிறது. கட்சி பார்க்காமல் ஒவ்வொருவரும் ஒரு கை வைத்த காரியம் இது.

காலைப் பசிக்கு ஆள் இருக்கிறது. மதியப் பசிக்கும் ஆள் இருக்கிறது. ஒரு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை நாலேகாலுக்கு வெளியே வருகிறது. பத்து, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் சிறப்பு வகுப்பு முடிந்து ஐந்தரை. அம்மா வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்கோ காட்டு வேலைக்கோ போயிருப்பார், வீடு வந்து அடுப்புப் பற்ற வைக்க ஏழு மணியாகும். இடையில் இருக்கும் இந்தப் பசி பொய்ப் பசி இல்லை. வளர்கிற வயதில் வருகிற நிஜமான பசி. இந்த ஒரு வேளையை மட்டும் நாம் லைன் வண்டிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். விற்காதே என்று சொல்லும் விதி, அதற்குப் பதில் என்ன கிடைக்கும் என்று சொல்வதில்லை. பசித்த பிள்ளை 50 மீட்டரைத் தாண்டி நடக்காதா?

வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சத்துணவில் வாரம் ஒரு நாள் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ 20 கிராம் அவித்துக் கொடுக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. கிராமங்களில் காலை உணவைச் சமைப்பது மகளிர் குழுக்கள். அடுப்பும் பாத்திரமும் பள்ளியிலேயே இருக்கின்றன. அதே குழு நாலு மணிக்குச் சுண்டலும், அவித்த வேர்க்கடலையும், நறுக்கிய கொய்யாவும் அஞ்சு ரூபாய்க்கு விற்கட்டும். இந்த அளவுச் சிறு விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவின் கட்டணமும் சொற்பம்தான். மிஞ்சிப்போவதின் நஷ்டத்தை மட்டும் முதல் ஒரு வருஷம் பேரூராட்சியோ, முன்னாள் மாணவர் சங்கமோ ஏற்றுக்கொண்டால் போதும். வாசல் கடை அக்காவை விரட்ட வேண்டியதும் இல்லை, சிறுமலை செட்டிலிருந்து வரும் பழத்தை அவரிடமே கொடுத்து, மிச்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்யலாம். லைன் வண்டி கம்பெனிக்காகச் செய்வதை நாம் கொய்யாவுக்காகச் செய்ய முடியாதா என்ன?

அதிகாரிகள் வந்து அபராதம் போட்டுப் போவதால் மட்டும் இது தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அபராதம் விழுவதும் எப்போதும் ஏழைக் கடையின் மேல்தான், சரக்கு அனுப்பிய கம்பெனியின் மேல் விழுந்து நான் பார்த்ததில்லை.

பெற்றோராக இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழு அடுத்த முறை கூடும்போது "நாலு மணித் தின்பண்டம்" என்று ஒரு பொருளைச் சேர்க்கச் சொல்லுங்கள். கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் எல்லாம் பேசும் குழுவில் இதற்குப் பத்து நிமிஷம் கிடைக்கும். வீட்டிலிருந்து டப்பாவில் கட்டிக் கொடுப்பவர்களும் ஒரு வாரம் அந்த டப்பாவை நேர்மையாகப் பாருங்கள். கடையில் வாங்கினால் குற்றம், அதே கிரீம் பிஸ்கட்டை நாம் டப்பாவில் வைத்தால் பாசம் என்று ஒரு நியாயம் நம்மிடம் இருக்கிறது. என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாணவ வாசகர்களுக்குத் தனி வேலை. இந்த வாரம் நீங்கள் தின்ற பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைக் கத்தரித்து வையுங்கள். அதில் பொடி எழுத்தில் "100 கிராமுக்கு" என்று ஒரு கட்டம் இருக்கும். சர்க்கரை, சோடியம், மொத்தக் கொழுப்பு மூன்றையும் உங்கள் பாக்கெட்டின் எடைக்குக் கணக்குப் போட்டு எழுதுங்கள். ஏழாம் வகுப்புக் கணக்குத்தான். சரியாகப் போட்டவர்களின் அட்டவணையை அடுத்த இதழில் பெயரில்லாமல், பள்ளியின் பெயரில்லாமல் வெளியிடுகிறோம். பெரியவர்கள், உங்கள் ஊர் வாசலில் எது முதலில் விற்றுத் தீர்கிறது, என்ன விலை என்று எழுதுங்கள். சுண்டல் விற்கும் பள்ளி எங்காவது இருந்தால், ஒரு படி பயறு எத்தனை பிள்ளைகளுக்கு வருகிறது என்ற கணக்கோடு அனுப்புங்கள். நம் அகரத்தில் இரண்டு பள்ளிகளில் பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவர்கள் முதலில் கேட்டதே அந்தக் கணக்கைத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்